சறுக்கிய இடத்தின் சத்தம்

கோடம்பாக்கத்தில் ஒரு குரு இருந்தாள். வயது முப்பதுகூட ஆகவில்லை. அவளுடைய சீடருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது, போதாததற்குத் தொந்தி வேறு. சினிமாவில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

குருவின் பெயர் பிலோமினா. கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா அங்கே துரைமார் கிளப்பில் பியானோ வாசித்தார். அங்கு வந்துபோன நடனக்காரர்களிடம் மகள் டாப் டான்ஸ் கற்றுக்கொண்டாள். சென்னைக்கு வந்தபோது அவள் முகத்தைப் படம்பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. கால்களை மட்டும் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

டாப் டான்ஸ் ஷூவின் அடியில் தகடு இருக்கும். ஆட்டமே அந்தத் தகடு போடும் சத்தம்தான். ஆனால் படப்பிடிப்பில் அதைப் பதிவு செய்ய மாட்டார்கள். பாட்டை ஓடவிட்டு ஆடுவார்கள். கால் சத்தத்தைப் பிறகு ஒலிப்பதிவு அறையில், திரையைப் பார்த்துப் பலகைமேல் தட்டிச் சேர்ப்பார்கள். கதாநாயகி வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாள். பிலோமினா தட்டுவாள். அந்தக் காலத்துப் படங்களில் எந்த அழகியின் கால் பேசினாலும் பேசியது பிலோமினாதான். அவள் பெயர் மட்டும் டைட்டிலில் வராது. அப்படியே தட்டித் தட்டி ஒருநாள் நடன மாஸ்டர் ஆனாள்.

சீடர் கனகசபாபதி, நகைச்சுவை நடிகர். கதாநாயகர்களிடம் உதை வாங்கியே பேர் வாங்கியவர். முதன்முறையாக ஒரு முழுநீளப் பாட்டுப்படத்தில் அவரே கதாநாயகன். கடைசிப் பாட்டில் டாப் டான்ஸ். அது எடுபடாவிட்டால் வெட்டி எறிந்துவிடுவேன் என்று படமுதலாளி சொல்லிவிட்டார். அந்தப் பாட்டு போனால் படம் போச்சு, படம் போனால் பழையபடி உதைதான் என்று சபாபதிக்குத் தெரியும்.

மழைக்காலம் முழுக்கப் பழகினார். முட்டி வீங்கியது. தொந்தி கொஞ்சம் இறங்கியது. பிலோமினா பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. தப்பாகத் தட்டினால் அதே தப்பை அவளும் தட்டிக் காட்டுவாள். சபாபதிக்கு அது திட்டைவிட உறைத்தது.

படப்பிடிப்பில் மற்ற டேக்குகளைப் பின்னால் ஆடியவர்கள் கெடுத்தார்கள். கடைசி டேக்கில் அவர்கள் அத்தனை பேரும் அற்புதமாக ஆடினார்கள். சபாபதியின் குதிகால் சறுக்கியது. ஒரு நொடிதான், சமாளித்துவிட்டார். டைரக்டர் கவனிக்கவில்லை, ஓகே சொல்லிவிட்டார். மறுநாளே செட்டைப் பிரித்து வேறு படத்துக்கு மாளிகை கட்டத் தொடங்கிவிட்டார்கள். பிறகு போட்டுப் பார்த்தபோது எல்லோர் கண்ணிலும் அந்தச் சறுக்கல்தான் பட்டது.

முதலாளி கத்தவில்லை. கால் சத்தத்தை பிலோமினா தட்டட்டும், சத்தம் சுத்தமாக இருந்தால் சறுக்கல் அமுங்கிப்போகும் என்றார். பிலோமினா மறுத்தாள். சபாபதி சார்தான் தட்ட வேண்டும் என்றாள். ஒரு மத்தியானம் தருகிறேன், அதற்குள் சரிவராவிட்டால் கத்தரிதான் என்றார் முதலாளி.

சபாபதி பலகைமேல் ஏறினார். திரையில் அவரே ஆடினார். இவரும் தட்டினார். எல்லாம் ஒட்டியது, அந்த ஓர் இடத்தைத் தவிர. அங்கே வந்ததும் இவர் கால் கற்றுக்கொண்ட அடவைச் சரியாகத் தட்டியது. திரையில் கால் சறுக்கியது. கால் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். திரும்பத் திரும்ப அதே கதைதான். கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

சபாபதி ஷூவைக் கழற்றப் போனார்.

"நீங்களே தட்டிடுங்க மாஸ்டர். என் பொழப்பு போயிரும்."

"அந்த எடம் வரும்போதெல்லாம் கண்ண மூடிக்கிறீங்க சார்."

"பாக்க சகிக்கல."

"இப்பப் பாருங்க."

பாட்டில்லாமல் படத்தை மட்டும் ஓட்டச் சொன்னாள். சபாபதி முதன்முறையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். குதிகால் வழுக்கிக்கொண்டு போகிறது. கை இரண்டும் பறக்கின்றன. முகத்தில் பயம். பிறகு ரெண்டு காலும் ஒன்றாகத் தரையில் இறங்குகின்றன, அந்த மனுஷன் நிமிர்ந்து நிற்கிறான், சிரிக்கிறான். தான் சிரித்தது சபாபதிக்கே தெரியாது.

"நின்னுட்டேனே மாஸ்டர்."

பிலோமினா ஒலிப்பதிவாளர் பக்கம் திரும்பினாள். பாட்டோடு ஓட்டுங்கள் என்று சைகை காட்டினாள்.

இந்தத் தடவை அந்த இடத்தில் சபாபதி அடவைத் தட்டவில்லை. குதிகாலைப் பலகையில் அழுத்தி நீளமாக இழுத்தார். தகடு கீச்சிட்டது. அப்புறம் ரெண்டு காலையும் சேர்த்து ஓங்கி ஒரே அடி. கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் எழுந்து நின்றுவிட்டார்.

படம் வந்த அன்று மேட்னி ஷோ. டைட்டிலில் பிலோமினாவின் பெயர் தனியாக வந்தது. அவளும் சபாபதியும் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார்கள். கடைசிப் பாட்டு வந்தது. குதிகால் கீச்சிட்டபோது கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ரெண்டு காலும் தரையில் இறங்கியதும் விசில் கூரையைப் பிய்த்தது. தரை டிக்கெட்டில் துண்டுகள் பறந்தன. மறுபடி போடு, மறுபடி போடு என்று பெஞ்சைத் தட்டினார்கள். ஆபரேட்டர் வேறு வழியில்லாமல் விளக்கைப் போட்டுவிட்டு ரீலைத் திரும்பச் சுற்றினார். முதலாளி யார் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

சபாபதி அழுதார். வெட்கப்படாமல் அழுதார். அத்தனை சந்தோஷம் அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை. துடைத்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க தட்டியிருந்தா என்னவிட எவ்வளவோ சுத்தமா வந்திருக்கும். எல்லாருக்கும் தட்டுனீங்க, எனக்கு மட்டும் ஏன் மாட்டேன்னீங்க?"

"விழப்போனது நீங்க சார், விழாம நின்னதும் நீங்க" என்றாள் பிலோமினா. "அந்தச் சத்தத்துக்கு நான் எங்க போவேன்?"