ஆறுகல்லில் எத்தனை கல்?

கூகைமலைக் காட்டில் சடைச்சி என்றொரு கழுதை இருந்தது. வாயைத் திறந்தால் சண்டை, மூடினால் முறைப்பு! அதற்கு இருந்த பெருமை ஒன்றே ஒன்று. மலையுச்சிக்கு ஏறும் ஆறுகல் பாதை, அதன் முன்னோர் உப்பு மூட்டை சுமந்து நடந்த பாதை.

இப்போது உப்பும் இல்லை, மூட்டையும் இல்லை. கீழ்க்காட்டு மான்களும் முயல்களும் பொழுதுபோக்காக மலையேற வந்தன. அவற்றுக்கு வழிகாட்டியாகக் கிளம்பியது வீரபாகு என்ற நரி.

"ஆறு என்றால் நதி! ஆற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்து என் பாட்டன் இந்த மலையையே ஆண்டான். வீரபாகு பாதை என்று பலகை வையுங்கள்!" என்று அளந்துவிட்டது நரி.

"அட புளுகு மூட்டையே! வழியில் ஆறு சுமைதாங்கிக் கல் உண்டு. பாரத்தை இறக்கி மூச்சு வாங்க நட்டவை!" என்று கத்தியது சடைச்சி.

"நாலுதானே நிற்கிறது? மீதி இரண்டையும் நீ தின்றுவிட்டாயா?"

எல்லாரும் சிரித்தார்கள். காட்டுத் தலைவர் கரடியார் தலையைச் சொறிந்தார். "நாளைக்கு நானும் ஏறுகிறேன். எங்களை உச்சியில் சேர்ப்பவர் சொல்லும் பெயர்தான் பலகையில்!" என்றார்.

கடைசி இரண்டு கல்லைச் சடைச்சியும் கண்டதில்லை. பெயர் போனால் முன்னோர் பட்ட பாடும் போச்சே!

மறுநாள் சடைச்சியும் சேர எல்லாரும் மூட்டை முடிச்சோடு ஏறினார்கள். நாலாம் கல்லில் மூடுபனி இறங்கியது. "ஆற்றுச் சத்தம் கேட்கிறது, இப்படி வாருங்கள்!" என்று நரி திரும்பியது. பத்தடி போவதற்குள் முன்னால் போன முயல் வழுக்கியது. ஐயோ, பாதாளம்! கரடியார் அதன் காதைப் பிடித்து இழுத்தார்.

"எனக்கு வழி தெரியாது!" என்று நரி அழுதது.

தட்டுத் தடுமாறி நாலாம் கல்லுக்குத் திரும்பினார்கள். சடைச்சி யோசித்தது. சுமந்தவர்கள் களைத்த இடத்தில்தானே கல் நட்டிருப்பார்கள்? வெறும் முதுகோடு நடந்தால் எப்படித் தெரியும்!

"மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் என்மேல் ஏற்றுங்கள்!"

"பைத்தியமா உனக்கு?" என்றார் கரடியார்.

"ஏற்றுங்கள் என்கிறேன்!"

பாரம் ஏறியதும் கால் தானாக ஏற்றம் குறைந்த பக்கம் திரும்பியது. ஒருவர் வாலை ஒருவர் பிடித்துப் பின்னால் நடந்தார்கள். ஓரிடத்தில் சடைச்சிக்கு மூச்சு முட்டியது.

"இங்கேதான்! புதரை விலக்குங்கள்!"

கரடியார் கொடிகளைப் பிய்த்தார். கல்! ஐந்தாம் கல்! மறுபடி நடந்து, மறுபடி மூச்சு முட்டி நின்ற இடத்தில் ஆறாம் கல். பனி காலுக்குக் கீழே கிடந்தது. உச்சியில் பளீரென்று வெயில்!

"எண்ணிக்கோடா நரி! ஆறு!" சடைச்சி கத்திய கத்தலில் மலையே அதிர்ந்தது. அன்றைக்கு அந்தக் குரல் எல்லார் காதுக்கும் இனித்தது.

'ஆறுகல் பாதை' என்று பலகை எழுதினார்கள். அதை உச்சிவரை சுமந்தது யார்? வீரபாகுதான்! ஆறு கல்லிலும் இறக்கி வைத்து, ஆறு முறையும் மூச்சு வாங்கியது.

ஒரு பாதையின் பெயருக்குப் பொருள், அதில் பாரம் சுமந்து நடந்தவருக்கே தெரியும்.