பின்வாசலை அடைத்த சாமை

குளக்கரையில் ஈச்சம்புதரின் அடியில் ஒரு பெருச்சாளி வளை இருந்தது. அதில் பொன்னுரங்கம் என்ற பெருச்சாளியும் அவன் மனைவி வேதவல்லியும் குடியிருந்தார்கள்.

பெருச்சாளிகள் எங்கே வளை தோண்டினாலும் இரண்டு வாசல் வைப்பார்கள். முன்வாசல் போய்வருவதற்கு. பின்வாசல் தப்பி ஓடுவதற்கு. பின்வாசலைத் தளர்வான மண்ணால் மூடி வைத்திருப்பார்கள். முன்வாசலில் பாம்பு நுழைந்தால், அந்த மண்ணை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்துவிடுவார்கள். பொன்னுரங்கத்தின் பின்வாசல் இரண்டு பாறைகளுக்கு நடுவே போனது. கல்யாணமான புதிதில் அவன் தோண்டிய வழி அது. அப்போது அவன் உடம்புக்கு அது தாராளமாக இருந்தது.

ஒருநாள் காலை ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே பறந்து வந்தது.

"சாரை வந்திருக்கு! மேற்குக் கரையிலே சாரை வந்திருக்கு! நாளுக்கு ஒரு வளையா நுழைஞ்சு பார்க்குது!"

வேதவல்லி தலையை வெளியே நீட்டினாள். "யாராவது அகப்பட்டாங்களா?"

"இதுவரைக்கும் இல்லே. எல்லாரும் பின்வாசல் வழியாப் பாய்ஞ்சிட்டாங்க. அதனாலே அது கொலைப் பசியோட வருது. உங்க வளைக்கு முன்னாலே இன்னும் பதினோரு வளை இருக்கு. எண்ணிக்கோங்க!"

குருவி அடுத்த வளைக்குப் பறந்துவிட்டது.

"பின்வாசலை ஒரு தடவை பார்த்துடுவோம்," என்றாள் வேதவல்லி.

பொன்னுரங்கம் பாறை இடுக்கில் தலையை நுழைத்தான். தலை போயிற்று. மார்பு போயிற்று. வயிறு போகவில்லை.

"மூச்சை உள்ளே இழுங்க!"

"இழுத்துக்கிட்டுதான் இருக்கேன்!"

"இழுத்தா வயிறு உள்ளே போகணும். உங்களுக்கு வெளியே வருதே!"

கடைசியில் வேதவல்லி அவன் வாலைக் கவ்விப் பின்னுக்கு இழுத்தாள். உருண்டு வந்து விழுந்த பொன்னுரங்கம் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"பாறை வளர்ந்திருக்கு," என்றான்.

"ஆமாம், தினமும் மூணு வேளை கொப்பரை தின்னுது பாருங்க, அந்தப் பாறை!"

வேறு இடம் பார்க்கவும் வழியில்லை. கோடையில் தரை இறுகிக் கிடந்தது. மழை விழும்வரை புது வளை தோண்ட முடியாது. பொன்னுரங்கம் இளைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாரையின் வயிற்றுக்குள் போக வேண்டும்.

"இன்னைக்கிலேர்ந்து பாதி வயிறு சாப்பிடுங்க. காலையிலும் சாயங்காலமும் என்னோட குளத்தைச் சுத்தி வாங்க. பதினோரு நாள் போதும்," என்றாள் வேதவல்லி.

பொன்னுரங்கம் சிரித்தான். "இதெல்லாம் ஒரு முறையோட செய்யணும் வேதா. சும்மா சாப்பிடாம இருந்தா இளைச்சிட முடியுமா?"

*

ஆலமரத்துப் பொந்தில் ஞானப்பிரகாசம் என்ற அணில் கடை வைத்திருந்தான். 'உடம்பு மெலியும் சரக்கு' என்று நாள் முழுவதும் கூவுவான். சாமை, வரகு, கொள்ளு, வெள்ளரி விதை, கருஞ்சீரகம் எல்லாம் தேக்கிலையில் பொட்டலம் கட்டி அடுக்கியிருந்தது.

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று பொன்னுரங்கம் கேட்டான்.

அணில் திரும்பி முதுகைக் காட்டினான். "மூணு கோடு தெரியுதா? ஒரு கோடு தானியப் படிப்பு. ஒரு கோடு விதைப் படிப்பு. மூணாவது கோடு அனுபவம்."

"உங்க அப்பா முதுகிலேயும் இதே மூணு கோடு பார்த்திருக்கேனே?"

"பரம்பரைப் படிப்பு!"

பொன்னுரங்கத்துக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அணிலின் ஒட்டிய வயிற்றைப் பொறாமையோடு பார்த்தான். "நீயும் இந்தச் சாமையைத்தான் சாப்பிடறியா?"

"எனக்கு எங்கே சாப்பிட நேரம்! விடிஞ்சதிலேர்ந்து மரம் ஏறி இறங்கவே சரியாப் போகுது," என்றான் ஞானப்பிரகாசம். பொன்னுரங்கம் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் கண் பொட்டலங்களின் மேல் இருந்தது.

"எத்தனை பொட்டலம் வேணும்?" என்று பொன்னுரங்கம் கேட்டான்.

"உங்களை மாதிரி உடம்புக்கு நூத்தி நாப்பது. எல்லாம் கையிருப்பிலே இருக்கணும். நடுவிலே ஒண்ணு தீர்ந்துபோனா மனசு மறுபடியும் கொப்பரைக்குத் தாவும்!"

"பதிலுக்கு என்ன தரணும்?"

"என் கூட்டுக்கு இலவம்பஞ்சு வேணும்."

பஞ்சு வளையில் இருந்தது. வேதவல்லியின் படுக்கை அது. பொன்னுரங்கம் அதில் பாதியைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு நூற்று நாற்பது பொட்டலங்களையும் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னான். அணில் கூட்டத்தார் ஏழெட்டுப் பேர் வந்து முன்வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

வேதவல்லி மலைத்து நின்றாள். "இதை எங்கே வைக்கிறது? சரக்கறை நிறைய உங்க கொப்பரையும் நிலக்கடலையும் சர்க்கரைவள்ளியும்தானே இருக்கு?"

"யோசிப்போம்."

"யோசிக்க என்ன இருக்கு? அதையெல்லாம் வெளியே கொட்டுங்க."

பொன்னுரங்கம் அதிர்ந்து போனான். "சாப்பிடற பொருளைக் கொட்டறதா? பாவம் சுத்தும்! முதல்லே பழைய சரக்கைத் தின்னு தீர்ப்போம். இடம் காலியாகும். அப்புறம் புதுச் சரக்கைத் தொடங்குவோம்."

"அதுவரைக்கும் இது எங்கே இருக்கும்?"

பொன்னுரங்கம் வளையைச் சுற்றிப் பார்த்தான். ஒரு இடம்தான் காலியாக இருந்தது. அது பின்வாசல் பாதை.

"ஐயையோ! அது தப்பி ஓடற வழிங்க!"

"நல்லா யோசிச்சுப் பாரு வேதா. இப்போ அந்த வழியிலே என்னால போக முடியாது. இளைச்ச பிறகுதானே அது எனக்கு வேணும்? நான் சாமையைத் தின்னத் தின்ன உடம்பு குறையும். சாமை குறையக் குறைய வழி திறக்கும். உடம்பும் வழியும் ஒரே நாள்லே தயாராகும்!"

வேதவல்லி அந்தக் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். அவ்வளவு அழகாகத் தப்பாக இருந்தது.

*

பழைய சரக்கைத் தீர்க்க ஆறு நாள் ஆயிற்று. பொன்னுரங்கம் கடமை தவறாமல் உழைத்தான். வழக்கமாக மூன்று வேளை தின்பவன், சீக்கிரம் தீர்க்க வேண்டும் என்று ஐந்து வேளை தின்றான்.

"இது எனக்காகத் தின்னலே. இளைக்கறதுக்காகத் தின்னறேன்," என்று வேதவல்லியிடம் சொன்னான்.

"தெரியுது. வளை முழுக்க இளைச்சுக்கிட்டே வர்றீங்க," என்றாள் அவள்.

ஏழாம் நாள் சாமையைத் தொடங்கினான். வாயில் போட்டதும் முகம் சுளித்தான். வெறும் சாமை இறங்கவில்லை. கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு கொப்பரையைத் துணைக்கு வைத்துக்கொண்டான். பிறகு நன்றாக இறங்கியது. இளைக்க வைக்கும் சரக்கு என்பதால் அளவு பார்க்கவில்லை. அதிகம் தின்றால் அதிகம் இளைக்கும் என்று நினைத்தான்.

எட்டாம் நாள் அணிலிடம் போனான். நடக்கும்போது வயிறு தரையில் கோடு போட்டது.

"ஒண்ணும் குறையலையே?"

ஞானப்பிரகாசம் கண்ணை மூடி யோசித்தான். "கருப்புக் கொள்ளு வாங்கினீங்களா?"

"இல்லையே! நீ சொல்லலையே!"

"அதான்! அது இல்லாம மத்ததெல்லாம் வேலை செய்யாது. இருபது பொட்டலம் அனுப்பறேன். பஞ்சு மிச்சம் இருக்கா?"

மிச்சம் இருந்த பஞ்சும் போயிற்று. அன்றிலிருந்து வேதவல்லி வெறும் தரையில் படுத்தாள். கருப்புக் கொள்ளும் பின்வாசல் பாதையில் ஏறியது. இப்போது அங்கே ஒரு எறும்பு போவதற்குக்கூட யாரிடமாவது வழி கேட்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் காலை ஆள்காட்டிக் குருவி மறுபடியும் வந்தது.

"இன்னும் மூணு வளைதான்! நாலாவது நாள் உங்க முறை! தயாரா இருங்க!"

பொன்னுரங்கம் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தான். கால்கள் தெரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்.

"வேதா, எனக்கு இனிமே நேரமில்லே. அது வந்தா நான் முன்வாசல்லே அதை மறிச்சு நிக்கறேன். நீ பின்வாசல் வழியாப் போயிடு. உன் உடம்புக்கு அந்த வழி போதும்."

"எந்த வழிங்க?" என்று கேட்டாள் வேதவல்லி.

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் பொன்னுரங்கம் திரும்பிப் பார்த்தான். பாறை இடுக்கின் வாய்வரை பொட்டலங்கள் நெருக்கி அடுக்கியிருந்தன. தன் வழியை மட்டும்தான் அடைத்ததாக இத்தனை நாளும் அவன் நினைத்திருந்தான். அது அவளுடைய வழியும்கூட.

பொன்னுரங்கம் எழுந்தான். முதல் பொட்டலத்தைக் கவ்வினான்.

"அதைப் பிரிச்சுத் தின்னப் போறீங்களா?"

"கொட்டப் போறேன்!"

வாசலிலேயே கொட்டினால் சாரைக்கு வீட்டை அடையாளம் காட்டியதுபோல் ஆகும். அதனால் குளத்தின் எதிர்க்கரைவரை சுமக்க வேண்டியிருந்தது. அங்கே கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வரவேண்டும். அடுத்ததைக் கவ்வவேண்டும். முதல் நாள் பத்து நடைக்கு ஒருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்கினான். வேதவல்லியும் சேர்ந்து சுமந்தாள். இருவர் வாயோரமும் தேக்கிலைக் காம்பு கிழித்துப் புண்ணாயிற்று.

"சாப்பிட ஏதாவது எடுத்து வைக்கட்டுமா?" என்று அவள் கேட்டபோது, "அதுக்கு நேரமில்லே. நீ அந்தப் பக்கத்தைப் பிடி!" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டிராத பதில் அது.

பத்தாம் நாளும் சுமந்தார்கள். பதினோராம் நாளும் சுமந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் உச்சி வெயிலில், இன்னும் ஐந்து பொட்டலங்கள் பாக்கி இருந்தபோது, முன்வாசல் இருண்டது. சாரை உள்ளே தலையை நீட்டியது.

"வீட்டிலே யாரு?"

வேதவல்லி ஐந்து பொட்டலங்களையும் ஏறித் தாண்டி, மண்ணை முட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். பொன்னுரங்கம் அந்த ஐந்தையும் தலையால் தள்ளிக்கொண்டே நுழைந்தான். தலை போயிற்று. மார்பு போயிற்று. வயிறு பாறையில் உரசி நின்றது.

"மூச்சை இழுங்க!"

இந்தத் தடவை வயிறு உள்ளே போயிற்று. வேதவல்லி அவன் காதைக் கவ்வி இழுத்தாள். வாலின் நுனியில் சாரையின் நாக்கு பட்டது. இரண்டு பக்கமும் தோல் உரிய, பொன்னுரங்கம் வெயிலில் வந்து விழுந்தான். இருவரும் நாணல் காட்டுக்குள் ஓடி மறைந்தார்கள்.

சாரை காலி வளையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தக் கரையே சரியில்லை," என்று சலித்துக்கொண்டு வேறு குளம் தேடிப் போய்விட்டது.

*

மறுநாள் குளக்கரையில் பெரிய கூட்டம். முயல் வந்தது. உடும்பு வந்தது. நடக்கவே சோம்பிய வாத்து ஒன்றும் அசைந்து அசைந்து வந்தது. எல்லோரும் பொன்னுரங்கத்தின் வயிற்றைத்தான் பார்த்தார்கள்.

"அடேயப்பா! எப்படி இளைச்சே?"

பொன்னுரங்கம் வாயைத் திறப்பதற்குள் ஞானப்பிரகாசம் ஒரு கிளையிலிருந்து குதித்தான்.

"எல்லாம் நம்ம சரக்கு! நூத்தி அறுபது பொட்டலம் வாங்கினார். உண்டா இல்லையா, நீங்களே கேளுங்க!"

"வாங்கினது உண்மைதான்," என்றான் பொன்னுரங்கம். "ஆனா அதைத் தின்னு நான் ஊதினேன். சுமந்துதான் இளைச்சேன். மூணு நாள், எதிர்க்கரைவரைக்கும் சுமந்தோம். வேதாவையும் கேளுங்க. சரக்கே வாங்காம சும்மா நடந்திருந்தாலும் இளைச்சிருப்பேன்."

கூட்டம் தலைகளைச் சேர்த்துக் குசுகுசுத்தது.

"கேட்டீங்களா? சுமக்கணுமாம்!" என்றது வாத்து.

"அப்போ நூத்தி அறுபது போதாது. நான் இவரைவிடப் பெரிய உடம்பு. சுமக்கறதுக்கு இருநூறாவது வேணும்!" என்றது முயல்.

"எனக்கு முந்நூறு! கருப்புக் கொள்ளு தனியா!" என்றது உடும்பு.

"ஐயா, நான் சொன்னது..." என்று பொன்னுரங்கம் கத்தினான். யாரும் திரும்பவில்லை. ஆலமரத்தடியில் வரிசை நீண்டது. ஞானப்பிரகாசத்துக்குச் சரக்குப் போதவில்லை. எதிர்க்கரையில் கொட்டிக் கிடந்த பொட்டலங்களை அணில்கள் துடைத்து, மண் ஊதி, மறுபடியும் கொண்டுவந்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க, ஒரு சுத்து நடந்துட்டு வருவோம்," என்றாள் வேதவல்லி. இருவரும் வரிசையைச் சுற்றிக்கொண்டு குளக்கரை வழியே நடந்தார்கள்.

உடம்பைக் குறைப்பது வாயும் காலும் செய்ய வேண்டிய வேலை. எவ்வளவு நல்ல சரக்கானாலும், வாங்கி அடுக்கி வைப்பதால் அடைபடுவது நம் வழிதான்.