நோட்டீசபிள் என்றால் என்ன?

கோவில்பட்டியில் இங்கிலீஷ் பேசக் கற்றுத்தரும் அருமைநாயகம் மாஸ்டரிடம் வாய் கொடுத்து மீண்டவர் எவருமில்லை. வகுப்பைக் கூட்டித் துடைக்கும் சீனியம்மா, மூட்டுவலிக்கு ஆஸ்பத்திரி போக அவரிடம்தான் லீவு கேட்க வேண்டியிருந்தது.

"போன வாரம்தானே ஒரு நாள் வரல?" என்றவர் போர்டைக் காட்டினார். 'நோட்டீசபிள்' என்று எழுதி, கண்ணில் படுவது, பளிச்சென்று தெரிவது என ஏழெட்டு அர்த்தம் அடுக்கியிருந்தார். "எட்டு வருஷமா பாடத்தைக் கேட்டுக்கிட்டுத்தானே கூட்டுற? இதுக்கு ஒரு உதாரணம் சொல்லு, லீவு தரேன்."

வகுப்பே சிரித்தது. சீனியம்மா மாப் குச்சியை ஊன்றி, அலுப்போடு நின்றாள்.

"எட்டு வருஷம் கூட்டுனேன் சார், ஒருத்தர் கண்ணுலயும் படல. போன செவ்வாய்க்கிழமை கூட்டல. பத்து மணிக்குள்ள எல்லார் கண்ணுலயும் பட்டுருச்சு. அதானே சார் இது?"

சிரிப்பு நின்றது. முன் பெஞ்சில் ஒருத்தி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் மாஸ்டர் லீவுச் சீட்டை எடுத்தார். பெயர் எழுதும் இடத்தில் பேனா நின்றது.

"உன் பேரு என்ன?"

"சீனியம்மா, சார். அந்த வார்த்தைக்கு எதிர்ப்பதம் நடத்துறப்ப, உதாரணத்துக்கு என்னையே சொல்லுங்க."