இருபது கட்டம்

“கதவத் தொறலே சகாயம். இல்லன்னா ஒடைச்சிருவேன்.”

உள்ளேயிருந்து சத்தமில்லை. ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய உடை மாற்றும் அறை, அதன் மூலையில் ஒரு கழிப்பறை. இன்பராஜ் தோளால் இரண்டு தள்ளு தள்ளினான். தாழ்ப்பாள் பெயர்ந்தது. சகாயம் மூடிய கோப்பைமேல் உட்கார்ந்திருந்தான். கையில் ரப்பர் பட்டை, நரம்பில் ஊசி. சிரிஞ்சில் இருந்ததில் முக்கால்வாசி இன்னும் ஏறவில்லை.

நோயாளிக்குப் போட்டு மிஞ்சிய வலிமருந்து அது. மொத்தமும் ஏறினால் மூச்சு நிற்கலாம். இருவருக்கும் அது தெரியும். அவர்கள் வேலையே அதுதான். மயக்க மருந்து டாக்டருக்குப் பக்கத்தில் நின்று மருந்து ஏற்றிக் கொடுப்பார்கள். மேஜையில் கிடப்பவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நாலு நர்ஸ் பார்க்க வேண்டிய வேலையைப் பத்து மாதமாக இரண்டு பேர் பார்த்தார்கள்.

“எத்தன நாளா?”

“பொங்கலுக்கு முன்னாடியே. வீட்டுக்குப் போனாலும் மானிட்டர் சத்தம் காதுக்குள்ளயே கேக்குது. கண்ண மூடுனா யாரோ மூச்சில்லாம கெடக்காங்க.”

“ஊசியக் குடு.”

“யார்ட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு எம்மவ மேல சத்தியம் பண்ணு. அப்பத்தான்.”

சகாயத்தின் கட்டைவிரல் சிரிஞ்சின் பின்பக்கத்தில் இருந்தது. இன்பராஜ் சத்தியம் செய்தான். வேறென்ன செய்வான்? ஊசியை வாங்கி மிச்சத்தைக் கைகழுவும் தொட்டியில் பீய்ச்சினான்.

மிஞ்சிய மருந்து தொட்டியில் போவதை அவன் கண்ணால் பார்த்தது பத்து மாதத்தில் அதுதான் முதல் தடவை.

சட்டப்படி ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் கொட்ட வேண்டும், இன்னொருவர் நின்று பார்த்துப் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் இரண்டே பேர். ஒருவன் ஒரு தியேட்டரில், மற்றவன் அடுத்ததில். அரை மில்லி மருந்து தண்ணீரோடு போவதைப் பார்க்க யார் வெளியே வருவது? அதனால் தினமும் காலையில் புதுப் பக்கம் திறந்ததும் ஒருவனுக்கு ஒருவன் சாட்சிக் கையெழுத்தை மொத்தமாகப் போட்டுவிடுவார்கள். பக்கத்துக்கு இருபது கட்டம். அடியில் பாக்கியவதி சிஸ்டர் கையெழுத்து. தியேட்டருக்கே பொறுப்பு அவர்தான். அந்தப் பதிவேட்டுக்கு மேலே சுவரில் நிர்வாகம் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘களைப்பா? ஆழமாக மூச்சு விடுங்கள்.’

அன்று சகாயத்துக்கு வயிற்றுப்போக்கு என்று இன்பராஜ் சிஸ்டரிடம் பொய் சொன்னான். அவனைப் படுக்க வைத்துவிட்டு, மீதியிருந்த மூன்று ஆபரேஷனுக்கும் சாப்பிடாமல் தானே நின்றான். பிறகு அவனை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப்போய், விடியும்வரை அங்கேயே கிடந்தான். சகாயத்தின் மனைவியிடம் “தூக்கம் கண்ணச் சொக்குது, வண்டி ஓட்ட முடியாதுக்கா” என்றான். அதில் பாதி உண்மை.

மறுநாள் காலை சகாயம் பதிவேட்டைத் திறந்து பேனாவை நீட்டினான்.

“போடு.”

சிஸ்டரும் குரல் கொடுத்தார். “கையெழுத்தப் போட்டுட்டு உள்ள போங்கப்பா. மொத கேஸ் மேஜைக்கு வந்தாச்சு.”

இன்பராஜ் பேனாவை வாங்கினான். மேஜைமேல் வைத்தான். சிஸ்டரைப் பார்த்தான். அங்கேயே நின்றான்.

சிஸ்டர் வந்து பக்கத்தைப் பார்த்தார். இருபது கட்டமும் காலி.

“என்னப்பா, போடலியா?”

“பாக்காம எப்படிப் போட சிஸ்டர்?”

“நேத்து வரைக்கும் பாத்தியாக்கும்?”

சிஸ்டர் முந்தைய பக்கத்தைப் புரட்டினார். அதற்கும் முந்தையதை. எல்லாவற்றின் அடியிலும் அவர் பெயர். சகாயம் முழுக்கைச் சட்டையின் கையை மணிக்கட்டுவரை இழுத்து விட்டுக்கொண்டான். சிஸ்டர் அதையும் பார்த்தார். மருந்துப் பெட்டிச் சாவிக்குக் கை நீட்டினார். சகாயம் கொடுத்தான். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதான்.

அன்றைய ஆபரேஷன்களில் அவசரமில்லாத ஆறு தள்ளிப்போயின. சகாயத்தைச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். போலீசுக்குப் போகவில்லை, வேலையையும் எடுக்கவில்லை. சிஸ்டர் தன் தப்பையும் சேர்த்து எழுதிக் கொடுத்துச் சண்டை போட்டதால்தான் அவன் தப்பினான். புதிதாக இரண்டு நர்ஸ்களும் வந்தார்கள்.

ஆனால் சகாயம் சிகிச்சை மையத்திலிருந்து போனில் கேட்டான்: “எம்மவ மேல பண்ண சத்தியத்த மீறிட்டியேல?” இன்பராஜ் சொன்னான்: “நான் வாயத் தொறக்கவே இல்ல.” சிஸ்டருக்கோ வேறு கோபம்: “முந்தின நாளே சொல்லியிருக்கணும். அன்னைக்கு ராத்திரி அவன் செத்திருந்தா?”

சொல்லுங்கள். இன்பராஜ் சத்தியத்தைக் காத்தானா, மீறினானா? மூவரில் யார் பேச்சு நியாயம்?

விடை: மீறினான். வாய் திறக்கவில்லை என்பதெல்லாம் சும்மா. சிஸ்டர் பார்க்கட்டும் என்றுதானே அங்கேயே நின்றான்! சகாயம் சொன்னது உண்மை, ஆனால் அந்தச் சத்தியம் ஊசியைப் பிடுங்கக் கொடுத்த விலை, ஊசி வந்ததும் அதன் வேலை முடிந்தது. சிஸ்டர் சொன்னதும் நியாயம்தான், சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இன்பராஜ் அன்று ராத்திரி எங்கே படுத்தான் என்று அவருக்குத் தெரியாது. இரண்டே பேர் எப்படி எல்லாவற்றுக்கும் சாட்சியாக நின்றார்கள் என்று பத்து மாதமாக அவரும் கேட்கவில்லை. பத்து மாதமும் இன்பராஜ் சொன்ன இடத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத்தான் கூட்டாளியைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டான். அன்று காலை இரண்டு பேர் அவனிடம் கையெழுத்தைப் போடச் சொன்னார்கள். அவன் போடவில்லை.