முதுகின் கட்சி

வேங்கைக்காடு என்றொரு நாடு. ரொம்ப காலத்துக்கு முன்னால் அதை உத்தண்டவர்மன் என்ற ராஜா ஆண்டார். நல்லவர்தான், ஆனால் சும்மா இருக்க மாட்டார். சும்மா இருக்க முடியாத ராஜாவைவிடப் பெரிய தொல்லை ஒரு நாட்டுக்கு வரமுடியாது.

ஒரு நாள் வெற்றிலையை மென்றுகொண்டே சபையில் கேட்டார்: "குளிப்பதற்கு எது உசத்தி? வெந்நீரா, பச்சைத்தண்ணீரா?"

"வெந்நீர்தான் பிரபு! வீரனுக்கு அதுதான் அழகு" என்று எழுந்தார் தளவாய் கஜபாகு. ராஜகுரு விடுவாரா? "பச்சைத்தண்ணீர்தான் பரிசுத்தம்!" என்றார்.

சாயங்காலத்துக்குள் சபை இரண்டாகிவிட்டது. பிறகு ஊர் இரண்டானது. வெந்நீர்க் கட்சிக்குச் சிவப்புத் தலைப்பாகை, பச்சைத்தண்ணீர்க் கட்சிக்கு நீலம். நிச்சயம் செய்த கல்யாணங்கள் நின்றுபோயின. நீலத் தெருவில் காய்ச்சல்காரனுக்கும் வெந்நீர் கிடையாது. சிவப்புத் தெருவில் சித்திரை வெயிலிலும் ஆவி பறக்கக் குளித்துவிட்டுக் கொப்புளத்தோடு திரிந்தார்கள். ராஜாவுக்கோ எல்லாம் வேடிக்கை. தளவாய் நீட்டிய ஓலையிலும் முத்திரை வைத்துவிட்டார்: ஒரு கட்சியில் சத்தியம் செய்தவர் மறு கட்சியின் பாத்திரத்தைத் தொட்டால், தொட்ட கை போகும்!

சபையில் சத்தியம் செய்யாமல் மிச்சமிருந்தவர் மந்திரி செவ்வந்தியப்பர் ஒருவர்தான். கேட்டவர்களிடமெல்லாம், "எங்கள் வீட்டில் இரண்டையும் கலந்து விளாவிக் குளிப்போம்" என்றார். சிவப்பும் திட்டியது, நீலமும் திட்டியது.

மந்திரி ஆசனத்தின்மேல் தளவாய்க்கு வெகுநாளாக ஒரு கண். மார்கழி பிறந்ததும் ராஜாவின் காதைக் கடித்தார். "எதிரியைக்கூட நம்பலாம் பிரபு. இவர் இரண்டு பக்கமும் பல்லைக் காட்டுகிறவர். நாளைக்கு உங்களுக்கும் பகைவருக்கும் நடுவில் நின்றுகொண்டு விளாவுவார்!"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "மந்திரியாரே, சனிக்கிழமைக்குள் ஒரு கட்சியில் சேரும். இல்லாவிட்டால் குடும்பத்தோடு நாட்டைவிட்டு நடையைக் கட்டும்!"

வீட்டில் மனைவி வடிவு தலையில் அடித்துக்கொண்டாள். "ஏதாவது ஒரு துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு போங்களேன்! இந்த வயதில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?"

"சுற்றலாம் வடிவு. நீலத்தைச் சுற்றிய பிறகு, பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவள் ஒரு செம்பு வெந்நீர் கேட்டால் என்ன சொல்வாய்?"

வடிவு அழுதுகொண்டே மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை மந்திரி சபைக்கு வந்தார். "பிரபு, நாளைக்கு உங்களுக்கு எண்ணெய்க் குளியல். இரண்டு கட்சியும் ஊற்றட்டும். யார் ஊற்றி நீங்கள் 'அப்பாடா' என்கிறீர்களோ, அந்தத் தலைப்பாகையை அங்கேயே கட்டிக்கொள்கிறேன்."

ராஜா கைதட்டிச் சிரித்தார். இரண்டு கட்சிக்கும் ஒரே குஷி.

விடிந்தது. இடுப்பில் ஒரு துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய், தலை நிறையச் சீயக்காய் என்று ராஜா மணையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் கொதிக்கிற அண்டா, மறுபக்கம் இரவெல்லாம் பனியில் வைத்த தவலை. வழக்கமாக ஊற்றுகிற மாடப்பனை இரு கட்சியும் சேர்ந்து வெளியே துரத்தியிருந்தன. பல மாதங்களில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

தளவாய் ஒரு செம்பு மொண்டு பக்தியோடு ஊற்றினார்.

"ஐயோ! அடப் பாவி, என்னை அவிக்கிறாயா?" ராஜா மணையோடு துள்ளினார்.

"இதோ பிரபு!" என்று ராஜகுரு ஒரு செம்பைக் கவிழ்த்தார். ராஜாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. பல் தந்தியடித்தது. அதற்குள் சீயக்காய் கண்ணில் இறங்கிவிட்டது.

"கண் எரிகிறது! எழவே, இரண்டையும் கலந்து ஊற்றுங்களடா!"

ஒருவரும் அசையவில்லை. "தவலையைத் தொட்டால் என் கை போய்விடுமே பிரபு" என்று தளவாய் இழுத்தார். ராஜகுரு தம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "தாங்கள் வைத்த முத்திரைதான்..."

"மந்திரியாரே! எங்கே இருக்கிறீர்?" என்று கண்ணை மூடிக்கொண்டு காற்றைத் துழாவினார் ராஜா.

செவ்வந்தியப்பர் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். வாளியில் வெந்நீரை விட்டார், பச்சைத்தண்ணீரை விட்டார், கையை விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் வெந்நீர் சேர்த்து மெதுவாக ஊற்றினார்.

"அப்பாடா..." என்றார் ராஜா.

"சொல்லிவிட்டீர்கள் பிரபு. எந்தத் தலைப்பாகையைக் கட்டட்டும்?"

ராஜா கண்ணைத் திறந்து பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்படியென்றால் மாடப்பன் இத்தனை நாளும்..."

"விளாவித்தான் ஊற்றினான் பிரபு. நீங்கள் கேட்டதில்லை."

தளவாய்க்குப் பொறுக்கவில்லை. "பாதிக்குப் பாதி கலப்பது என்ன பெரிய வித்தை?"

"பாதிக்குப் பாதி என்று யார் சொன்னது? இன்று பனி, அதனால் வெந்நீர் கூடுதல். சித்திரையில் வெந்நீரே வேண்டாம். காய்ச்சல்காரனுக்குக் கணக்கே வேறு. ஒவ்வொரு தடவையும் கையை விட்டுப் பார்க்க வேண்டும் தளவாயாரே. சுட்டால் முதலில் சுடுவது என் கைதான்."

"சரி, உம் கட்சிதான் என்ன?" என்றார் ராஜா.

"தண்ணீர் யார் முதுகில் விழப்போகிறதோ, அந்த முதுகின் கட்சி பிரபு."

ராஜா அந்த ஈரத்தோடே ஓலையை வாங்கி அண்டாவின் அடுப்பில் போட்டார். கழுத்தில் போட வைத்திருந்த முத்துமாலையை மந்திரிக்குப் போட்டார். வடிவு மூட்டையை அவிழ்த்தாள். நின்றுபோன கல்யாணங்கள் தை மாதம் தடபுடலாக நடந்தன.

தளவாய்க்கும் ராஜகுருவுக்கும் என்ன தண்டனை என்கிறீர்களா? சனிக்கிழமைதோறும் தளவாய் முதுகுக்கு ராஜகுரு ஊற்ற வேண்டும், பிறகு ராஜகுரு முதுகுக்குத் தளவாய். முதல் சனிக்கிழமை ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியது. ராஜகுரு செம்பைத் தூக்கினார், தளவாயின் முதுகைப் பார்த்தார், செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தார். அடுத்து உட்காரப்போவது அவர் அல்லவா!