ஏறாத முள்

அணு உலை வெடித்தபின் அந்தக் கடற்கரை ஊர்கள் காலியாகிவிட்டன. விஷம் படிந்த மேல்மண்ணை வழித்துச் சாக்கில் கட்ட ஆள் தேடினார்கள். எல்லோரும் பின்வாங்கினார்கள். தவசிமுத்து சாமி மட்டும் தன் மடத்துச் சீடர்களைக் கூட்டிக்கொண்டு, மண்வெட்டியும் கையுமாகப் போய்ச் சேர்ந்தார்.

வேலைக்கு வருகிறவர் சட்டையில் ஓர் அளவுமானியைக் குத்திவிடுவார்கள். உடம்பில் கதிர்வீச்சு பட்டதற்கு ஏற்ப அதன் முள் ஏறும். சிவப்புக் கோட்டைத் தொட்டால் வீட்டுக்குப் போய்விட வேண்டும். பிறகு காலில் விழுந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

எல்லோருடைய முள்ளும் ஏறியது. லிங்கதுரையுடையது மட்டும் அசையவில்லை.

"உன் முள்ளு மட்டும் என்னப்பா, விரதமா?" என்று கூடாரத்தில் வைத்துக் கேட்டார் சாமி.

லிங்கதுரை ஐம்பதைத் தாண்டியவர். சீடர்களில் கடைசியாக மடத்துக்கு வந்தவர். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"கழத்திக் கூடாரத்துல மாட்டிட்டுத்தான் சாமி மண்ணு வழிக்கப் போறேன்."

"ஏன்?"

"நான் இந்த உலையிலதான் வேலை பார்த்தேன். அன்னைக்கு அபாய மணி அடிச்சுது. வழக்கம்போலச் சும்மா அடிக்குதுன்னு நான்தான் அணைச்சேன்."

லிங்கதுரை அளவுமானியின் சிவப்புக் கோட்டைக் காட்டினார்.

"கோட்டைத் தொட்டா அனுப்பிருவாங்க. இங்கேயே கிடந்து செத்தாத்தான் என் பாவம் தீரும்."

உயிரோடு இருப்பதே அந்த மனிதருக்கு வெட்கமாக இருந்தது.

சாமி ஒரு காலிச் சாக்கை எடுத்து உதறினார். லிங்கதுரையின் தோளில் வைத்துக் கீழே தொங்கவிட்டுப் பார்த்தார். அது முழங்காலோடு நின்றுவிட்டது.

"பத்தாது."

"எதுக்கு சாமி?"

"இந்தத் தூசியைத் தின்னு செத்த உடம்பைச் சுடுகாட்டுல சேர்க்கமாட்டாங்க. மண்ணைக் கட்டுற மாதிரியே கட்டித்தான் புதைக்கணும்."

"புதைக்கட்டும். என் உசிரு, நான் விடுறேன். யாருக்கு என்ன நட்டம்?"

வெளியே மண்சாக்குகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாமி கூடாரத்துப் படுதாவை விலக்கிப் பிடித்தார்.

"சரி, நான் தடுக்கல. உன்னைத் தூக்க ரெண்டு பேராவது வேணும். தூக்குறவங்க முள்ளும் ஏறும். யார் யாருன்னு நீயே போய்க் கையைக் காட்டிட்டு வா."