பச்சைப் புள்ளியை நம்பிய முள்ளம்பன்றி

குளத்துக்கு மேற்கே, காட்டுப் பாதை ஓரமாக, முள்ளம்பன்றி ஒரு கிழங்குக் கடை நடத்தியது. பொந்துக்கும் புதருக்கும் கிழங்கு கொண்டுபோய்க் கொடுக்க அதனிடம் மூன்று பேர் வேலை பார்த்தார்கள்: குரங்கு, உடும்பு, கீரி.

முள்ளம்பன்றிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைக்கும். சிரிக்காவிட்டால் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைக்கும். தூங்கி எழுந்ததும் முதுகு முட்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வரும்.

ஒருநாள் பச்சோந்தி ஒரு கூடையோடு கடைக்கு வந்தது.

"முதலாளி! உங்க ஆளுங்களுக்கு டேப்லெட் வாங்கிக் கொடுங்க!"

"டேப்லெட்டா? எனக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்லையே!" என்றது உடும்பு.

"மாத்திரை இல்லப்பா, இது கையில வச்சுப் பார்க்கிற பலகை. யாருக்கு என்ன கிழங்குன்னு இதுலயே தெரியும். கொடுத்ததும் ஒரு தட்டுத் தட்டினா போதும்!"

பச்சோந்தி இரண்டு விதமான டேப்லெட்டைத் தரையில் பரப்பியது. ஒன்று தடியாக, அழகில்லாமல் இருந்தது. மற்றொன்று மெல்லிசாகப் பளபளத்தது.

கீரி தடியானதை மோந்து பார்த்தது. "முதலாளி, மழைக்காலம் வருது. நாங்க சேத்துல ஓடுறவங்க. இது நனைஞ்சாலும் தாங்கும்போல இருக்கு. இதையே வாங்குங்க!"

முள்ளம்பன்றியின் முட்கள் மெல்ல எழும்பின. 'இதற்கு ஏன் இத்தனை அக்கறை? ஏதோ இருக்கிறது!'

பச்சோந்தி அதைக் கவனித்தது. முதலாளியின் காதருகே போய்க் கிசுகிசுத்தது. "அந்த மெல்லிசு நனைஞ்சா போயிடும்தான். ஆனா அதுல ஒரு விசேஷம் இருக்கு. உங்க ஆளுங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு புள்ளி. நடமாடினா பச்சை. ஒரே இடத்துல நின்னா சிவப்பு. யார் எங்கே இருக்காங்கன்னு இங்கே உட்கார்ந்தபடியே பார்க்கலாம்!"

"அதையே கொடு! நாலு கொடு!" என்றது முள்ளம்பன்றி.

அன்று முதல் அது கல்லாவை விட்டு எழவில்லை. தன் டேப்லெட்டில் மூன்று புள்ளிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தது.

குரங்குக்கு இரண்டே நாளில் விஷயம் புரிந்துவிட்டது.

"மாப்ளே, அவருக்குப் புள்ளி நகரணும். அவ்வளவுதானே?" என்று உடும்பிடம் சொன்னது.

காலையிலேயே எல்லாப் பெயருக்கும் நேராக 'கொடுத்தாச்சு' என்று தட்டியது. பிறகு குளத்துப் பக்கம் மேயும் காட்டெருமையிடம் போனது.

"எருமை அண்ணே! கொம்புல ஒரு நகை மாட்டிக்கிறீங்களா? உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கும்!"

"மாட்டு, மாட்டு!" என்றது எருமை.

குரங்கின் டேப்லெட்டும் உடும்பின் டேப்லெட்டும் இரண்டு கொம்பில் தொங்கின. எருமை மேய்ந்தது, புள்ளிகள் நகர்ந்தன. குரங்கும் உடும்பும் மரத்தடியில் உட்கார்ந்து கிழங்கைத் தின்றன.

"அடேயப்பா! குரங்கு இன்னைக்கு ஏழு தடவை குளத்துப் பக்கம் போயிருக்கே! என்ன உழைப்பு!" என்று முள்ளம்பன்றி மெச்சியது.

ஆனால் கீரியின் புள்ளி தினமும் நடுப்பகலில் சிவப்பானது. அதுவும் கடைக்குப் பின்னால், கிழங்குக் குழிக்குப் பக்கத்தில்!

முள்ளம்பன்றி கீரியைக் கூப்பிட்டது.

"ஏ கீரி! குழிகிட்ட நின்னுக்கிட்டு என்ன பண்றே?"

"பெருச்சாளி வருது முதலாளி. பகல்ல மண்ணைத் தோண்டுது. நான் கொஞ்ச நேரம் அங்கே நின்னா அந்தப் பக்கம் தலை காட்டாது."

"பெருச்சாளியா?" முள்ளம்பன்றி டேப்லெட்டைத் தூக்கிக் காட்டியது. "பாரு! இதுல பெருச்சாளின்னு ஒரு புள்ளிகூட இல்லையே! நின்னது நீ மட்டும்தான். கிழங்கைத் திருடத்தானே நின்னே?"

"ஒரு எட்டு வந்து மண்ணைப் பாருங்க முதலாளி!"

"நான் எழுந்து போனதும் கல்லாவுல கை வைக்கலாம்னு பார்க்கிறியா? போ வெளியே! வளையையும் காலி பண்ணு!"

கடையை ஒட்டிய அந்த வளை கீரிக்கு வேலையோடு கிடைத்தது. அதில் மூன்று குட்டிகள் இருந்தன. கண் திறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

"மழை நிக்கிற வரைக்குமாவது இருக்க விடுங்க!" என்று கீரி கெஞ்சியது.

"மழைன்னு சொல்லி மறுபடியும் குழிகிட்ட வரப்போறே. எனக்குத் தெரியாதா!" என்றது முள்ளம்பன்றி.

கீரி குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு, பாதைக்கு அப்பால் ஒரு மரத்தடிக்கு மூன்று நடை நடந்தது. மூன்றாவது நடையில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துபோன குட்டியைப் பார்த்த மயில், "இங்கே வா தாயி!" என்று தன் புதருக்குள் இடம் கொடுத்தது.

மறுநாள் மயில் கடைக்கு வந்தது. "முதலாளி, எங்களுக்குக் கிழங்கு வந்து அஞ்சு நாளாச்சு!"

"பொய்! டேப்லெட்டுல 'கொடுத்தாச்சு'ன்னு இருக்கே. தின்னுட்டு மறுபடியும் கேட்கிறியா?"

மயில் முள்ளம்பன்றியை மேலும் கீழும் பார்த்தது. "நீங்க விரட்டின கீரியும் குட்டிகளும் இப்போ என் புதர்லதான்!" என்று சொல்லிவிட்டுப் போனது.

நாளுக்கு நாள் மழை வலுத்தது. காட்டெருமைக்கு ஒரே சந்தோஷம். குளத்துச் சேற்றில் தலையோடு புரண்டது. கடையில் இரண்டு பச்சைப் புள்ளிகளும் ஒன்றாக அணைந்தன.

"ஐயோ! கிழங்கோட ஓடிட்டானுங்க!" என்று அலறிக்கொண்டு முள்ளம்பன்றி முதன்முறையாகக் கல்லாவை விட்டு எழுந்தது. குளத்துக்கு ஓடியது. அங்கே எருமையின் கொம்புகளில் இரண்டு டேப்லெட்டும் சேறு வழியத் தொங்கின.

"உங்க ஆளு மாட்டின நகை. நல்லாயிருக்கா?" என்றது எருமை.

முள்ளம்பன்றி கிழங்குக் குழிக்குத் திரும்பி ஓடியது. மூடியைத் தள்ளியது. உள்ளே ஒரு கிழங்குகூட இல்லை. நாலு பக்கமும் பெருச்சாளி வளைகள் வாய் பிளந்து கிடந்தன. மழைக்காலம் முழுதும் விற்க வைத்திருந்த சரக்கு அது.

நனைந்த முட்களோடு மயிலின் புதரைத் தேடிப் போனது. குட்டிகள் கீரியின் வயிற்றை ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்தன.

"கீரி, திரும்பி வந்துடு. வளையைத் தர்றேன். டேப்லெட்டே வேண்டாம்!"

கீரி எழுந்திருக்கவில்லை.

"மெதுவாப் பேசுங்க, குட்டிங்க தூங்குது. இவங்களைக் கவ்விக்கிட்டு மூணு தடவை உங்க கடை வாசலைத் தாண்டினேன். ஒரு தடவைகூட நீங்க தலை நிமிரலை. உங்ககிட்ட இனி எனக்கு வேலை இல்லை, முதலாளி!"

கூட உழைக்கிறவரைச் சந்தேகித்து, அவரைக் காட்டும் கருவியை நம்புகிற முதலாளி, திருடனை மெச்சிக் காவல்காரனை விரட்டுவான்.